உரிமம் சுவரில் தொங்குகிறது, சம்ப்பு மூடி துருப்பிடித்துக் கிடக்கிறது: யாரிடம் முறையிடுவது?

கேள்வி: கெடிலக்கரை

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் புதுப்பாளையம் பக்கத்தில் ஒரு மழலையர் பள்ளியும் அதோடு சேர்ந்த பகல்நேரக் காப்பகமும் நடக்கின்றன. இரண்டரை வயதான என் மகளை அங்கே விட்டிருக்கிறேன். கணவர் வேலைக்காகத் தினமும் புதுச்சேரி போய் வருகிறார். நான் மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பெரியவர்கள் யாரும் இல்லை. ஆகவே காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்தரை வரை அவள் அங்கேதான் இருக்கிறாள்.

வழக்கமாக முன்வாசலில் நின்றால் ஆயாம்மா குழந்தையைக் கொண்டுவந்து விடுவார். பெற்றோரை உள்ளே அனுமதிப்பதில்லை. சென்ற வாரம் தடுப்பூசி போட வேண்டியிருந்ததால் மதியமே அழைத்துவரப் போனேன். மணியடித்தும் யாரும் வராததால் பக்கத்துச் சந்து வழியாகப் பின்புறம் சென்று, பூட்டிக் கிடந்த கம்பிக் கதவின் வழியே பார்த்தேன். முற்றத்தில் சம்ப்பு (தரைக்கடியில் கட்டிய தண்ணீர்த் தொட்டி) இருக்கிறது. அதன் மேல் கிடக்கும் இரும்புத் தகட்டின் ஒரு மூலையைத் துரு தின்று, கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறது. தகடு நகராமல் இருக்க அதன் மேல் ஒரு பூந்தொட்டியைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஓட்டும் மூன்று சக்கர வண்டிகள் அதை ஒட்டியே நிற்கின்றன.

பிறகு கதவைத் திறந்தார்கள். கூடத்தில் இருபத்தைந்து குழந்தைகளாவது பாய்களில் படுத்திருந்தார்கள். அவர்களோடு இருந்தவர் ஓர் ஆயாம்மா மட்டுமே. இன்னொருவர் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது விரிக்கும் பாயிலேயே ஒரு குழந்தைக்கு டயப்பர் மாற்றிவிட்டு, அந்த ஆயாம்மா கையைப் புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்த குழந்தைக்குத் தண்ணீர் புகட்டினார். ஆணியில் தொங்கிய ஒரே துண்டால்தான் எல்லோருடைய முகத்தையும் துடைக்கிறார்கள். கழிவறை வாசலில் பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பினாயில் ஊற்றித் தரையில் வைத்திருந்தார்கள். அலமாரியில் பெயர் எதுவும் ஒட்டாத சளி மருந்து பாட்டில் ஒன்று இருந்தது. யாருடையது என்று கேட்டதற்கு, "பொதுவா வச்சிருக்கோம்க்கா" என்றார். தீயணைப்புக் கருவியின் முள் சிவப்பில் நின்றது. போன மாதம் நான்கைந்து பிள்ளைகளுக்குக் கை, கால், வாய்க் கொப்புள நோய் வந்ததை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகியிடம் கேட்டேன். அவர் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழைக் காட்டி, "நாங்கள் அரசு உரிமம் பெற்ற மையம், ஒவ்வொரு முறையும் ஆய்வுக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள்" என்று முடித்துக்கொண்டார். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எழுதியபோது, இருப்பதையும் கெடுத்துவிடாதீர்கள், வேறு இடம் எங்கே இருக்கிறது என்றுதான் பெரும்பாலானோர் பதில் சொன்னார்கள்.

இவற்றில் எது உண்மையிலேயே விதிமீறல், எது நான் பெரிதுபடுத்துவது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். எந்த அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்? புகார் கொடுத்தது தெரிந்தால் அந்தக் கோபத்தை என் குழந்தையிடம் காட்டிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது.


பதில்: பண்ருட்டியார்

அம்மா, நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எதையும் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால், அலுவலகத்தில் இருப்பவர் துண்டு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு சம்ப்பு விஷயத்தை விட்டுவிடுவார். ஆகவே தரம் பிரிக்க வேண்டும்.

சம்ப்பு மூடிக்கு நாளை என்ற பேச்சே கூடாது. கடலூரிலிருந்து வெகுதூரமில்லாத விக்கிரவாண்டியில் 2025 ஜனவரியில், ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து எல்.கே.ஜி. படித்த குழந்தை இறந்தது. தொட்டியின் இரும்பு மூடி துருப்பிடித்திருந்ததாகத்தான் செய்திகள் வந்தன. அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில் மதுரையில் ஒரு மழலையர் பள்ளியின் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து நான்கு வயதுக் குழந்தை இறந்தது. இரண்டு இடங்களிலும் முந்தைய நாள் வரை அந்த மூடியின் மேல் யாரோ நடந்துதான் போயிருப்பார்கள். பூந்தொட்டி வைப்பது பாதுகாப்பாகாது, அதை நகர்த்திப் பார்ப்பதுதான் அந்த வயதுப் பிள்ளையின் வேலை. பெரியவர் ஏறி நின்றாலும் தாங்கும் கனமான மூடி, பூட்டு, சுற்றிலும் தடுப்பு ஆகிய மூன்றும் வேண்டும். அது வரும்வரை பிள்ளைகளை முற்றத்தில் விடக் கூடாது. குளியலறையில் தண்ணீர் பிடித்து வைத்த வாளிகளையும் கவனியுங்கள். இரண்டு வயதுக் குழந்தை தலைகீழாக விழுந்தால், சில அங்குலத் தண்ணீரே மூச்சை அடைக்கப் போதும்.

அடுத்து, அந்தச் சட்டம் போட்ட சான்றிதழ். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட இடத்துக்கு அங்கீகாரம் கொடுப்பதற்கு முன்னால் வழக்கமாக நான்கு தாள்களைக் கேட்பார்கள்: வட்டாட்சியர் தரும் கட்டட உரிமம், பொறியாளர் தரும் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று. ஒவ்வொன்றுக்கும் காலாவதித் தேதி தனித்தனியாக இருக்கும். மாட்டி வைத்திருப்பது பெரும்பாலும் அங்கீகார ஆணை மட்டுமாகத்தான் இருக்கும்; மற்ற நான்கும் கோப்பில் தூங்கும். ஆகவே உரிமம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். நான்கு சான்றுகளும் எந்தத் தேதி வரை செல்லும் என்று கேளுங்கள்.

உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் வாசியுங்கள். பல இடங்களில் மழலையர் பள்ளிக்கு மட்டுமே அனுமதி வாங்கிவிட்டு, மதியத்துக்கு மேல் அதே கூடத்தில் பகல்நேரக் காப்பகம் நடத்துகிறார்கள். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தனியார் மழலையர் பள்ளிகளுக்கு வகுத்த வழிகாட்டுதல்கள் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளை, நாளொன்றுக்கு மூன்று நான்கு மணி நேரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. உங்கள் மகளுக்கோ இரண்டரை வயது, எட்டரை மணி நேரம் அங்கே இருக்கிறாள். அந்தச் சான்றிதழ் உங்கள் குழந்தைக்குப் பொருந்துகிறதா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

பின்கதவு பூட்டிக் கிடப்பதும் சிறிய விஷயமில்லை. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகள் கருகியதற்குத் தீ மட்டும் காரணமில்லை. கூரையும், வெளியேற விடாத குறுகலான படிக்கட்டும் சேர்ந்தே அதைச் செய்தன. தீயணைப்புக் கருவியின் முள் பச்சையில் நிற்க வேண்டும். சிவப்பில் நின்றால் உள்ளே அழுத்தம் சரியாக இல்லை என்று பொருள். முள்ளே இல்லாத கரியமில வாயுக் கருவிகளும் உண்டு, அவற்றை எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும் என்பதால் சேவை அட்டையில் உள்ள தேதியைப் பாருங்கள்.

ஆய்வுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் காலை பதினொரு மணி வாக்கில் வருவார்கள். அப்போது ஆசிரியைகள் இருப்பார்கள், தரை துடைத்திருக்கும், பாட்டுச் சத்தம் கேட்கும். மதியம் ஒன்று முதல் மூன்று வரைதான் உண்மை நிலவரம் தெரியும். புகாரில் அந்த நேரத்தைக் குறிப்பிட்டு ஆய்வு செய்யக் கேளுங்கள்.


பதில்: முத்தியால்பேட்டை வாணி

புதுச்சேரியில் சில ஆண்டுகள் ஒரு மழலையர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். பெரியவர் சொன்னவற்றில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் கேள்வி கேட்ட சகோதரி எழுதியிருப்பதில் சம்ப்பையும் தீயணைப்புக் கருவியையும் ஒதுக்கிவிட்டால், மிச்சம் எல்லாமே ஒரே குறைதான்: ஆள் போதவில்லை.

அந்த ஆயாம்மாவின் மதியத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். சோறு ஊட்டி முடிவதற்குள் இரண்டு பிள்ளைகள் டயப்பரை நனைத்திருப்பார்கள். கழிவறைக் குழாய் கூடத்தின் மறுகோடியில் இருக்கும். ஒரு குழந்தையை மாற்றிவிட்டுக் கை கழுவப் போனால், திரும்பி வருவதற்குள் ஒருவன் ஜன்னல் கம்பியில் ஏறியிருப்பான், இன்னொருத்தி பக்கத்துக் குழந்தையின் கன்னத்தைக் கடித்திருப்பாள். அதனால் அவர் போவதில்லை, முந்தானையில் துடைத்துக்கொள்கிறார். சுத்தம் தெரியாததால் அப்படிச் செய்கிறார் என்று யாரும் எண்ண வேண்டாம். அவர் வீட்டில் உலை வைக்கும் முன் கை கழுவாமல் இருக்கமாட்டார். மாற்றுவதற்கென்று ஒரு தனி மேசையும், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு குழாயும், கூட இன்னொரு ஆளும் இருந்தால் அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

பெரியவர் குறிப்பிட்ட அதே வழிகாட்டுதல்களில் இருபது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஒரு பராமரிப்பாளர் என்று இருக்கிறது. அதுவும் மூன்று வயது கடந்தவர்களுக்கு. நடக்கத் தொடங்கிய பிள்ளைகளும் டயப்பர் கட்டிய பிள்ளைகளும் கலந்திருக்கும் கூடத்தில் இருபத்தைந்து பேரை ஒருவர் பார்த்துக்கொள்வதென்பது நடக்காத காரியம். சுவரில் பணியாளர் பட்டியல் ஒட்டியிருப்பார்கள். அதில் ஐந்து பெயர்கள் இருக்கும். அவர்களில் இரண்டு பேர் காலை வகுப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், ஒருவர் வேலையை விட்டு நின்று பல மாதம் ஆகியிருக்கும். ஆட்களின் எண்ணிக்கையைப் பட்டியலில் பார்க்காதீர்கள், கூடத்தில் பாருங்கள்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "ஆயா கை கழுவவில்லை" என்று புகார் எழுதினால் என்ன நடக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். மறுநாள் அந்த ஆயாவை நிறுத்திவிட்டு, "தவறு செய்தவர் மீது நடவடிக்கை எடுத்துவிட்டோம்" என்று நிர்வாகம் அலுவலகத்துக்குப் பதில் எழுதிவிடும். பிள்ளைகளின் பெயரும் பழக்கமும் தெரிந்த ஒருவர் போய், அதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு ஒரு புதியவர் வருவார், கோப்பு முடிந்துவிடும். "மதியம் ஒன்று முதல் மூன்று வரை இருபத்தைந்து குழந்தைகளுக்கு ஒரே பராமரிப்பாளர் இருக்கிறார், டயப்பர் மாற்றத் தனி இடமோ அருகில் குழாயோ இல்லை" என்று எழுதுங்கள். அதற்கு நிர்வாகம்தான் பதில் சொல்லியாக வேண்டும். ஆயாம்மாவின் பெயரைப் புகாரில் எழுதாதீர்கள் என்பது என் வேண்டுகோள்.


பதில்: நேர்வழி

இதெல்லாம் வீண் வேலை. புகார் கொடுத்தால் ஆய்வுக்கு வருகிறவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். குழந்தையை உடனே வேறிடத்துக்கு மாற்றுங்கள், அதுவரை விடுப்பு எடுங்கள். நம் குழந்தைக்குப் பாதுகாப்பு கிடைத்தால் போதும்.


பதில்: முத்தியால்பேட்டை வாணி

நேர்வழி ஐயா, மாற்ற முடிந்தால் அவர் இங்கே வந்து கேட்டிருக்கவே மாட்டார். அவர் மாற்றிக்கொண்டாலும் மற்ற இருபத்துநான்கு பிள்ளைகள் அந்தத் தகட்டைச் சுற்றித்தான் வண்டி ஓட்டுவார்கள். அடுத்த இடத்திலும் உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தினால் என்ன செய்வது? பெற்றோரைக் கூடத்தைப் பார்க்க விடாத காப்பகத்தில் குழந்தையைச் சேர்க்காதீர்கள் என்று வேண்டுமானால் நாம் சொல்லலாம்.


பதில்: செவிலி, குழந்தைகள் பிரிவு

மருந்து பாட்டிலைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. எனக்கு அது சம்ப்புக்கு அடுத்த இடத்தில் நிற்கிறது.

பெயர் ஒட்டாத சளி மருந்து பொதுவில் இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. சளி மருந்துகள் பலவற்றில் தூக்கத்தை வரவழைக்கும் குளோர்பெனிரமின் இருக்கிறது. குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த கலவை மருந்தை நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று பாட்டிலிலேயே அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. தூங்காத பிள்ளைக்கு மதியம் ஒரு மூடி ஊற்றும் வழக்கம் அங்கே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. உங்கள் பதிவில் அதற்கு ஆதாரமும் இல்லை. ஆனால் காப்பகத்திலிருந்து வந்த பிறகும் மாலையில் குழந்தை அரைத்தூக்கத்திலேயே இருக்கிறாளா, விடுமுறை நாட்களில் மட்டும் சுறுசுறுப்பாக இருக்கிறாளா என்பதைக் கவனித்து, சந்தேகம் இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்து கொடுப்பதாக இருந்தால் மருத்துவரின் சீட்டு, குழந்தையின் பெயர் எழுதிய பாட்டில், எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு என்று பெற்றோர் எழுதிக் கையெழுத்திட்ட தாள் ஆகியவை இருக்க வேண்டும். இவை இல்லாமல் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது என்று நீங்கள் நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

பினாயில் குடித்துவிட்டு வரும் பிள்ளைகளை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். அநேகமாக எல்லாமே கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்ததால் நேர்ந்தவை. அப்படி நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்கு வாருங்கள்.

கை, கால், வாய்க் கொப்புள நோய் எங்கே வேண்டுமானாலும் வரும், அதற்காக மட்டும் மையத்தைக் குறை சொல்ல முடியாது. சொல்லாமல் மறைத்ததுதான் குறை. எச்சில், மூக்குச்சளி, கொப்புள நீர், மலம் ஆகியவற்றின் வழியாக அது பரவுகிறது; நோய் தணிந்த பிறகும் பல வாரங்களுக்கு மலத்தில் கிருமி வெளியேறும். இந்த வகைக் கிருமிக்குச் சானிடைசர் அவ்வளவாகப் பயன்படாது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். ஒரே துண்டு, சாப்பாட்டுப் பாயில் டயப்பர் மாற்றுவது, கழுவாத கை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் இருந்தால் கூடத்தில் உள்ள பாதிப் பிள்ளைகளுக்காவது வந்துதான் ஓயும். காய்ச்சல் விட்டுக் கொப்புளங்கள் காயும்வரை குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்வதும், மற்றவர்களுக்குப் பெயர் குறிப்பிடாமல் அன்றே தகவல் அனுப்புவதும் மையத்தின் பொறுப்பு. பிள்ளைக்கு லேசாக உடம்பு சுட்டாலும் பாராசிட்டமாலைக் கொடுத்துக் கொண்டுவந்து விட்டுப் போகும் பெற்றோர் நம்மில் இருக்கிறோம் என்பதையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். விடுப்பு கிடைக்காதவர்களின் கஷ்டம் புரிகிறது, ஆனாலும் நோய் அங்கிருந்துதான் தொடங்குகிறது.


பதில்: திருப்பாதிரிப்புலியூர் வழக்கறிஞர்

எங்கே, எப்படி எழுதுவது என்ற கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

முதல் கடிதம் நிர்வாகத்துக்கே போகட்டும். பார்த்த தேதி, நேரம், இடம், பொருள் ஆகியவை மட்டும் அதில் இருக்க வேண்டும். "அலட்சியம்", "அராஜகம்" போன்ற சொற்கள் வேண்டாம். சம்ப்பு மூடிக்கு ஒரு நாளும் மற்றவற்றுக்கு ஒரு வாரமும் கெடு வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும், நிர்வாகத்துக்குத் தெரிவித்தீர்களா என்ற கேள்விக்கு அந்த அட்டையே பதில்.

கெடு கடந்தும் மூடி மாறாவிட்டால் காத்திருக்க வேண்டாம். 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். அங்கிருந்து தகவல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகும். அங்கீகாரம் தொடர்பான புகாரை மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அவர்களுக்கும், சுகாதாரக் குறைகளை மாநகராட்சியின் நகர்நல அலுவலருக்கும், தீயணைப்புக் கருவியையும் பூட்டிய கதவையும் தீயணைப்பு நிலைய அலுவலருக்கும் தனித்தனித் தாளாக எழுதுங்கள். ஒரே தாளில் எல்லோருக்கும் எழுதினால், அது தம்முடைய துறையைச் சேர்ந்ததில்லை என்று ஒவ்வொருவரும் தள்ளிவிட வசதியாகப் போய்விடும். எல்லாவற்றின் நகலையும் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து மனு எண் வாங்குங்கள். முதல்வரின் உதவி மைய எண் 1100-லும் பதியலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடலூரும் புதுச்சேரியும் நமக்கு ஒரே ஊர்போலத்தான்; பெண்ணையாற்றைத் தாண்டிக் கன்னியக்கோயில் போனால் ஆட்சியே வேறு. காப்பகம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்த அரசின் அலுவலகத்துக்குத்தான் எழுத வேண்டும். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது கணக்கில் வராது. 1098 மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொது.

நான்கு சான்றுகளின் நகல்களையும் கடைசி ஆய்வறிக்கையையும் தகவல் உரிமைச் சட்டம் 2005-ன்படி அந்த அரசு அலுவலகங்களிடம் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் வர வேண்டும். உயிர் தொடர்பான தகவலை நாற்பத்தெட்டு மணி நேரத்தில் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்வதால், சம்ப்பு பற்றிய கேள்வியைத் தனி மனுவாகப் போட்டு அந்தப் பிரிவைக் குறிப்பிடலாம்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 75-ஆம் பிரிவு, தன் பொறுப்பில் உள்ள குழந்தையை அடிப்பதை மட்டுமல்ல, தேவையற்ற துன்பம் நேரும் வகையில் வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவதையும் குற்றமாகச் சொல்கிறது. குழந்தைகளைப் பராமரிக்கும் நிறுவனத்தின் பணியாளரோ நிர்வாகியோ அதைச் செய்தால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். நிர்வாகத்தை மிரட்ட இதைப் பயன்படுத்தச் சொல்லவில்லை. கடிதத்தின் கடைசி வரியில் இந்தப் பிரிவு எண் இருந்தால் படிப்பவர் சற்று நிதானிப்பார். அதைவிட நல்ல பாதுகாப்பு, ஒருவராகப் போகாமல் மூன்று நான்கு பெற்றோர் சேர்ந்து கையெழுத்திடுவது. வாட்ஸ்அப் குழுவில் எழுதாமல், நேரில் சம்ப்பின் படத்தைக் காட்டிக் கேளுங்கள். படத்தில் பிற குழந்தைகளின் முகம் தெரியக் கூடாது. அந்தப் படத்தைச் சமூக வலைத்தளத்தில் போட்டுவிட்டால், பேச்சு சம்ப்பை விட்டு உங்கள் மீது திரும்பிவிடும்.


பதில்: கெடிலக்கரை

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. வழக்கறிஞர் ஐயா சொன்னபடி குழுவில் பேசாமல் நேரில் போய்ப் படத்தைக் காட்டினேன். குழுவில் என்னைக் கண்டித்து எழுதிய ஒரு தகப்பனார்தான் முதலில் கையெழுத்துப் போட்டார். அவருடைய மகனின் வண்டிதான் அந்தப் படத்தில் சம்ப்பின் ஓரத்தில் நின்றது.

கடிதம் போய்ச் சேர்ந்த மறுநாளே கான்கிரீட் மூடி போட்டுப் பூட்டும் மாட்டிவிட்டார்கள். மருந்து பாட்டிலைக் காணவில்லை. பெயர் எழுதிய துண்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் கொண்டுவரச் சொன்னார்கள். பின்கதவுச் சாவி இப்போது கதவுக்குப் பக்கத்திலேயே உயரமான ஆணியில் தொங்குகிறது. ஆயாம்மாவை நிறுத்தவில்லை. வாணி அக்கா எழுதிய வாக்கியத்தைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

ஆள் எண்ணிக்கைக்கு மட்டும், "இன்னோர் ஆள் போட்டால் கட்டணத்தை உயர்த்த வேண்டியிருக்கும், சம்மதமா?" என்று எங்களையே திருப்பிக் கேட்கிறார்கள். பெற்றோரில் பாதிப் பேர் தயங்குகிறார்கள். சான்றுகளின் நகல் கேட்டதற்கு "அலுவலகத்தில் இருக்கிறது" என்ற பதில்தான் வந்தது. ஆகவே மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் நகர்நல அலுவலருக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். மூடியைத்தான் மாற்றிவிட்டார்களே, இன்னும் மனு எதற்கு என்று கேட்கிறார்கள், நிறுத்திக்கொள்ளலாமா?


பதில்: முத்தியால்பேட்டை வாணி

நிறுத்தாதீர்கள். கட்டணத்தைப் பற்றி அவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான், அதைக் கோபப்படாமல் பேசுங்கள். ஆனால் இப்போது இருக்கும் ஆட்களுக்கு இத்தனை பிள்ளைகள் போதும் என்று எங்காவது சேர்க்கையை நிறுத்தினார்களா என்பதையும் கேளுங்கள். இருக்கும் ஆளுக்கேற்பப் பிள்ளைகளைச் சேர்ப்பதும் ஒரு வழி. மதியத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருவரைப் போடுவதற்கு முழுச் சம்பளம் தேவையில்லை. எங்கள் பள்ளியில் அந்தத் தெருவிலேயே இருந்த ஓர் அம்மா அப்படித்தான் வந்து போனார்.


பதில்: பண்ருட்டியார்

மனுவைக் கொடுத்துவிடுங்கள் அம்மா. சரிசெய்த குறைகளைச் சரிசெய்துவிட்டார்கள் என்று அதிலேயே நேர்மையாக எழுதுங்கள். அதனால் மிச்சம் உள்ளவற்றுக்கு வலு கூடும். ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்குவதற்கு முன் ஆய்வு நடக்க வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள். 2024 டிசம்பரில் பெண்ணையாறு பெருகி வந்தபோது கடலூர் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். தரைமட்டச் சம்ப்புக்குள் தெருத்தண்ணீர் இறங்கிவிட்டால், முழுவதையும் இறைத்துக் கழுவிக் குளோரின் போடும்வரை அந்தத் தண்ணீரை வாய் கொப்பளிக்கக்கூடக் கொடுக்கக் கூடாது. புது மூடியின் விளிம்பு தரையைவிட உயர்ந்திருக்கிறதா, தரையோடு தரையாக இருக்கிறதா என்று நாளை குழந்தையை விடும்போது பார்த்து எழுதுங்கள்.